ஓடாத தட்டு

“அம்மாங்க, எங்க ஊட்டுக்காரி பொய் சொல்றாளுங்க” என்றார் சிவமலை.

உண்ணாமுலை அம்மையார் ஆசிரமத்துக் கீரைப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“என்ன பொய்?”

“டிவிடித் தட்டு ஓடலைங்கறாளுங்க.”

“ஓடுதா?”

“இங்கே நம்ம கம்ப்யூட்டர்ல ஜம்முனு ஓடுதுங்க. ஊட்டுக்குப் போனா மட்டும் ஓட மாட்டேங்குதாமாங்க.”

அம்மையார் ஒரு கோரையை வேரோடு பிடுங்கி ஓரமாகப் போட்டார்.

சிவமலை, காங்கேயம் பக்கத்து ஆள். நூல் மில்லில் நூலைப் பரிசோதிக்கும் வேலையிலேயே இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் நாலு இடத்தில் இழுத்துப் பார்க்காமல் விடமாட்டார். கத்தரிக்காய் வாங்கினாலும் அப்படித்தான். அம்மையாரைவிட வயதில் மூத்தவர். அதனால் அம்மையார் அவரை ‘நீங்க’ என்பார். அவரோ வாயைத் திறந்தால் வார்த்தைக்கு வார்த்தை ஒரு ‘ங்க’ போட்டுக் கும்பிடுவார்.

போன தைப்பூசத்துக்கு அடுத்த வாரம் சொந்தக்காரர்களோடு வேன் பிடித்து, நொய்யல் கரையில் இருக்கும் இந்த ஆசிரமத்துக்கு அம்மையாரின் பேச்சைக் கேட்க வந்தார். பேச்சு முடிந்தது. எல்லோரும் வேனில் ஏறினார்கள். இவர் ஏறவில்லை.

“நீங்க போங்க. நான் இங்கேயே இருந்துக்கறேன்.”

வேன்காரன் ஆரன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினான். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது அவருடைய டிபன் கேரியர் மட்டும்தான். அதுவும் கழுவாத கேரியர்.

மறுநாள் மனைவி மயிலாத்தாளுக்குப் போன் செய்தார். “அம்மா பேசினதைக் கேட்டேன் மயிலாத்தா. ஊட்டை விட்டு வந்திருன்னு சொன்னாங்க. வந்துட்டேன்.”

 “சரிங்க” என்றாள் மயிலாத்தாள். அழவில்லை, ஆள் அனுப்பவில்லை, தேடியும் வரவில்லை. அழுதிருந்தால் இவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பதில் சொல்லத் தயாராக நாலைந்து வாக்கியம் வைத்திருந்தார்.

மாதங்கள் போயின. சிவமலைக்குக் காவி உடுத்த வேண்டும் என்று ஆசை வந்தது. வந்த ஆசை வளர்ந்தது. ராத்திரி சோறு இறங்காத அளவுக்கு வளர்ந்தது.

ஆசிரமத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமான ஆண் காவி உடுத்துவதானால், பெண்டாட்டி வந்து விளக்கு முன்னால் நின்று, தன் கையால் அந்தத் துணியை எடுத்துக் கொடுக்க வேண்டும். அவள் மனசாரக் கொடுத்தால்தான் காவி. இல்லாவிட்டால் வெள்ளை வேட்டியோடு கீரைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

சம்மதம் கேட்டுச் சிவமலை போன் செய்தார்.

மயிலாத்தாள் சொன்னாள்: “எம் புருசனை ஊட்டை விட்டுக் கூட்டிட்டுப் போன பேச்சு எப்பிடி இருக்குதுன்னு நானும் தெரிஞ்சுக்கோணுமல்லங்க? அதை எனக்கு அனுப்புங்க. கேட்டுப்போட்டுச் சொல்றேன்.”

நியாயமான பேச்சு. யாரால் மறுக்க முடியும்?

அன்றைய பேச்சைப் படம் பிடித்து ஆசிரமத்துக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர் ஒருவர் தானமாகக் கொடுத்த பழைய கம்ப்யூட்டர். அதில் தட்டில் படம் பதிகிற டிவிடி ரைட்டரும் இருந்தது. தட்டைப் போட்டு எரித்து, அதாவது பதிந்து, அனுப்பினால் வேலை முடிந்தது என்று சிவமலை நினைத்தார்.

சாண் ஏறினால் முழம் சறுக்கியது.

முதலில் வாங்கி வந்த தட்டுகளை ரைட்டர் துப்பித் துப்பி வெளியே தள்ளியது. விசாரித்தால், வெற்றுத் தட்டில் பிளஸ் என்று ஒரு சாதி, மைனஸ் என்று ஒரு சாதியாம். இந்தக் கிழட்டு ரைட்டர் மைனஸை மட்டும்தான் தொடுமாம். அடுத்து, கடைக்காரர் ‘இது ரெட்டை அடுக்குங்க, நிறையக் கொள்ளும்’ என்று ஆசை காட்டிக் கொடுத்தார். அதையும் துப்பியது. அதற்கடுத்தது மைனஸ்தான், ஆனால் அதிவேகத் தட்டு. பாதி எரிந்து நின்றுவிட்டது.

சிவமலை விடுகிற ஆளா? ரைட்டரின் முகத்தில் பொறித்திருந்த குறிகளையெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். கம்ப்யூட்டருக்குள் புகுந்து அதன் மாடல் நம்பரைத் தேடி எடுத்தார். எந்தத் தட்டு சேரும், எந்தத் தட்டு சேராது, எந்த வேகத்துக்கு மேல் தாங்காது என்று ஒன்றுவிடாமல் கற்றுக்கொண்டார். கடைசியில் பொருந்துகிற தட்டைக் கண்டுபிடித்து, எரித்து, கூரியரில் போட்டார்.

‘ஓடலைங்க’ என்றாள் மயிலாத்தாள்.

இன்னொன்று எரித்து அனுப்பினார்.

‘ஓடலைங்க.’

வேறு கம்பெனித் தட்டு வாங்கி, வேகத்தை இன்னும் குறைத்து, எரித்து அனுப்பினார்.

‘அதுவும் ஓடலைங்க.’

சிவமலைக்குப் பொறுமை போய்விட்டது. அவளுக்கு மனசில்லை. கொடுக்க மாட்டேன் என்று நேராகச் சொல்ல வாய் வராமல் தட்டின் தலையில் பழியைப் போடுகிறாள். இப்படி முடிவு கட்டிக்கொண்டுதான் அன்று கீரைப் பாத்திக்கு வந்து நின்றார்.

அம்மையார் கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

“நம்ம ரைட்டர் என்ன மாடல்?”

சிவமலை கண்ணை மூடிக்கொண்டு எழுத்தும் எண்ணுமாக ஒப்பித்தார். எந்த வருடத்தில் செய்தது என்பதையும் கேட்காமலே சேர்த்துச் சொன்னார்.

“உங்க ஊட்டுல இருக்கற பெட்டி?”

“எந்தப் பெட்டிங்க?”

“தட்டைப் போடற பெட்டி.”

சிவமலை மறுபடியும் கண்ணை மூடிப் பார்த்தார். 

“கறுப்புங்க” என்றார் கடைசியில். “கறுப்பாத்தான் இருக்கும்.”

“யாரு வாங்கினது?”

“நான்தானுங்க.”

அம்மையார் அடுத்த பாத்திக்குப் போய்விட்டார்.

சிவமலை அலுவலக அறைக்குப் போய்ப் போனை எடுத்தார். ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். இத்தனை நாளில் அவர் மயிலாத்தாளிடம் நிறையச் சொல்லியிருக்கிறார். சம்மதத்தைத் தவிர வேறெதையும் கேட்டதில்லை.

“மயிலாத்தா, தட்டைப் போட்டா என்ன ஆகுது?”

“சுத்துதுங்க. கொஞ்ச நேரம் சுத்திப்போட்டு ‘நோ டிஸ்க்’குன்னு எழுத்து வருதுங்க. தட்டை உள்ளே வெச்சிருக்கறப்பவே தட்டு இல்லைங்குது.”

“இதை ஏன் முன்னாலயே சொல்லலை?”

“ஓடலைன்னு சொன்னனுங்களே. நீங்கதான் ‘எல்லாம் பாத்துத்தான் அனுப்பினேன்’னு போனை வெச்சுட்டீங்க.”

சிவமலை பேச்சை மாற்றினார். “பெட்டி மேல என்ன போட்டிருக்குதுன்னு பாரு.”

“வி, சி, டி. மூணே எழுத்துதானுங்க. நம்ம சுகந்தி கல்யாணத் தட்டுப் பாக்கறதுக்குன்னு நீங்க வாங்கிட்டு வந்தது. மறந்துட்டீங்களா?”

மறந்துதான் போயிருந்தார்.

அது சிடி மட்டும் ஓடும் பெட்டி. பிளஸ் போட்டாலும் மைனஸ் போட்டாலும், மெதுவாக எரித்தாலும் வேகமாக எரித்தாலும், டிவிடி அதில் எந்த ஜென்மத்திலும் ஓடாது. மகள் கல்யாணத்துப் படத்தை அந்தப் பெட்டியில் எத்தனை முறை போட்டுப் பார்த்திருப்போம் என்று நினைத்தபோது சிவமலைக்கு வெட்கமாக இருந்தது. மயிலாத்தாள் பொய் சொல்லவில்லை என்பது அதைவிட வெட்கமாக இருந்தது.

அன்றே வெற்று சிடி வாங்கி வந்தார். டிவிடி எரிக்கும் ரைட்டர் சிடியும் எரிக்கும் என்பதைக் கடைக்குப் போகும் முன்பே பார்த்துக்கொண்டார். பேச்சு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஒரு சிடியில் அடங்கியது. எரித்து முடித்து, தலையில் கொஞ்சம், வாலில் கொஞ்சம் ஓட விட்டுப் பார்த்தார். படம் தெளிவு, குரல் தெளிவு. உறையில் போட்டு ஒட்டி, அம்மையாரிடம் காட்டப் போனார்.

“கூரியர்ல போட்டுட்டு வந்தர்றனுங்க.”

“வேண்டாம். நீங்களே கொண்டு போய்ப் போடுங்க. முடியற வரைக்கும் அவங்க கூட உக்காந்திருங்க.”

“எனக்கு எதுக்குங்க? அந்தப் பேச்சு எனக்குத் தலைகீழாத் தெரியுமுங்க.”

“அப்படியா! ரொம்பச் சந்தோசம்” என்றார் அம்மையார். “முடியற வரைக்கும் எந்திரிக்காதீங்க.”

மறுநாள் பகலில் சிவமலை தன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார். மயிலாத்தாள் “வாங்க” என்றாள். தண்ணீர் கொடுத்தாள். கோபமும் இல்லை, குழைவும் இல்லை. நாற்காலியில் ஒரு துணிக்கடைப் பை இருந்தது. அவர் உட்காருவதற்காக அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

பையின் வாயில் காவி தெரிந்தது.

சிவமலைக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இவளைப் போயா பொய்க்காரி என்றேன் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

தட்டைப் போட்டார். சுற்றியது. அம்மையார் திரையில் வந்து கும்பிட்டார்.

“ஓடுதுங்க!” என்றாள் மயிலாத்தாள். சொல்லிவிட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக உட்கார்ந்தாள்.

அம்மையார் கோபத்தைப் பற்றிப் பேசினார். பிறகு, நினைத்தது நடக்காதபோது மனசு எப்படி அடுத்தவன் மேல் குற்றம் தேடுகிறது என்று பேசினார். கடன் கொடுத்தவனையும் வாங்கினவனையும் வைத்து ஒரு வேடிக்கை சொன்னார். மயிலாத்தாள் வாய்விட்டுச் சிரித்தாள். சிவமலைக்கு அந்த வேடிக்கை புதிதாக இருந்தது.

‘நம்முது நம்முதுன்னு எதைச் சொல்றோம்?’ என்று அம்மையார் கேட்டார்.

“உங்களை வரச் சொன்னது இந்த எடமுங்களா?” என்றாள் மயிலாத்தாள்.

“இல்லை. இதுக்கப்புறம் வரும்.”

பேச்சு நகர்ந்தது. ‘பிடிச்ச பிடியைத் தளர்த்துங்க’ என்றார் அம்மையார்.

“இதுங்களா?”

சிவமலை யோசித்தார். “இதில்லை. இன்னும் தெளிவாச் சொல்லுவாங்க. இரு.”

படம் பிடித்தவர் கொஞ்ச நேரம் கேமராவைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினார். வரிசை வரிசையாக முகங்கள். முன்வரிசையில் தூணை ஒட்டி ஒருவர். தலை பின்னால் சாய்ந்திருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

“அது நீங்கதானுங்களே?”

“கண்ணை மூடிக் கேட்டுட்டிருந்தேன்” என்றார் சிவமலை. “அப்பிடிக் கேட்டாத்தான் மனசுல எறங்கும்.”

மயிலாத்தாள் கேலி செய்யவில்லை. திரையையே பார்த்தபடி சொன்னாள். “இத்தனை வருசம் பக்கத்துல படுத்தவளுங்க நானு. உங்க தூக்கம் எனக்குத் தெரியாதுங்களா?”

கேமரா மறுபடி அம்மையாரிடம் போனது. சிவமலை நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். இப்போது வரும், இதோ வரும் என்று ஒவ்வொரு வாக்கியமாகக் காத்திருந்தார். அம்மையார் கிணற்றைப் பற்றிப் பேசினார். மழையைப் பற்றிப் பேசினார். பெற்ற பிள்ளையிடம் ஒரு முறையாவது குரலை உயர்த்தாமல் பேசிப் பாருங்கள் என்றார். எல்லோரும் பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள் என்று கும்பிட்டார்.

திரை நீலமானது.

மயிலாத்தாள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள்.

“அடுத்த தட்டுங்க?”

“இல்லை. இவ்வளவுதான்.”

“நடுவுல ஏதாச்சும் உட்டுப் போச்சுங்களா?”

சிவமலை இல்லை என்று தலையை அசைத்தார். ஒரு வரிகூட விட்டுப் போகாமல் எரித்தது அவர்தான். அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

தெருவில் சைக்கிளில் ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு போனான். மயிலாத்தாள் மடியில் இருந்த பையைப் பிரித்துக் காவித் துணியை வெளியே எடுத்தாள். மடிப்புக் கலையாத புதுத் துணி. அதை ஒரு தரம் தடவிப் பார்த்தாள்.

“அந்த அம்மா சொல்லித்தான் போனீங்கன்னா குடுத்துறலாம்னுதானுங்க வாங்கி வெச்சேன். மனசாரத்தான் வாங்கினேன். அத்தனை பெரியவங்க சொன்னதை வேண்டாங்கறதுக்கு நான் யாருங்க?”

அவள் கண் கலங்கியது. அத்தனை மாதமும் கலங்காத கண்.

“அவங்க சொல்லலையேங்க. அப்ப, இந்த ஊட்டை உட்டுப் போகச் சொன்னது யாருங்க?”