வலது காதில் கேட்ட நாதம்

வாகீசருக்கு நாதம் கேட்கிறது என்ற செய்தி மடம் முழுக்கப் பரவிவிட்டது.

பள்ளியில் தர்க்கம் சொல்லிக்கொடுத்துவிட்டு, தலை நரைத்தபின் துறவுக்கு வந்தவர் அவர். குருவைவிட வயதில் மூத்தவர். மடத்துக்கு வந்த புதிதில் படுத்தால் தூக்கம் வராது. தியானத்தில் உட்கார்ந்தால் ஓர் ஈ பறந்தாலும் மனம் சிதறிவிடும். அப்படிப்பட்டவர் இப்போது கண்ணை மூடினால் கல்லாகிவிடுகிறார். பாயில் தலை சாய்த்தால் குழந்தைபோலத் தூங்குகிறார்.

"எப்படி இருக்கும் அது?" என்று மற்றச் சீடர்கள் கேட்டார்கள்.

"வண்டுக் கூட்டம் தூரத்தில் ரீங்கரிப்பது போல. தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. தியானம் முற்றியவருக்குக் கேட்கும் ஒலி என்று யோக நூல்களில் சொல்லியிருப்பது அப்படியே கேட்கிறது."

சிலர் அவர் காலில் விழுந்தார்கள். அவர் தடுக்கவில்லை.

குரு மட்டும் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

வாகீசருக்கு ஒரே ஓர் இடைஞ்சல் இருந்தது. மதிலுக்கு அப்பால் உள்ள தெருப் பெண்கள் மடத்துக் குளத்தின் கீழைப் படித்துறைக்குத் தண்ணீர் எடுக்க வருவார்கள். குடங்கள் இடிபடும். சிரிப்பார்கள், சண்டை போடுவார்கள். நாதத்தின் நடுவே அந்தப் பேச்சு கல்லெறிபோல வந்து விழும். அவர் காரியஸ்தரிடம் சொன்னார். காரியஸ்தர் அன்றைக்கே படித்துறைக் கதவைப் பூட்டி, சாவியை வாகீசர் கையில் கொடுத்தார்.

"இனி நிம்மதியாக இருங்கள்."

குளம் அமைதியானது. மறுநாளிலிருந்து நாதம் மங்கியது. சில நாளில் அடியோடு நின்றது.

வாகீசர் பாயில் புரண்டார். தியானத்தில் உட்கார்ந்தால் தன் மூச்சுச் சத்தமே அவரை விரட்டியது. மந்திரத்தைக் கூட்டிச் சொன்னார், சோற்றைக் குறைத்தார், பிறகு சோற்றையே நிறுத்தினார். ஒரு காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு குருவிடம் வந்தார்.

"சுவாமி, இறைவன் என்னைக் கைவிட்டுவிட்டான். நாதம் திரும்பும்வரை சோறு தொடமாட்டேன். உயிர் போனாலும் போகட்டும்."

குரு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்தக் காதில் கேட்டது?"

"சுவாமி?"

"நாதம். எந்தக் காதில் கேட்டது?"

"நாதத்துக்கு ஏது சுவாமி காது?"

"யோசித்துச் சொல்லும்."

வாகீசர் கண்ணை மூடி யோசித்தார். அவருக்கே வெட்கமாக இருந்தது.

"வலது காதில்."

"எந்தத் திசை பார்த்து உட்காருவீர்?"

"வடக்கு."

"வலப்பக்கம் என்ன இருக்கிறது?"

"மதில்."

"மதிலுக்கு அப்பால்?"

வாகீசருக்குத் தெரியவில்லை. அவர் அந்தப் பக்கம் போனதே இல்லை.

"வாரும்" என்று குரு எழுந்தார்.

மதிலைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அந்தப் பக்கம் ஒரு நீண்ட தெரு. வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு ராட்டை நின்றது. எந்த ராட்டையிலும் ஆள் இல்லை. பஞ்சு கூடையிலேயே கிடந்தது.

ஆற்றுப் பக்கமிருந்து பெண்கள் குடங்களோடு வந்தார்கள். முன்னால் வந்தவள் பாவாயி. குடத்தை இறக்கிவிட்டு முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள்.

"ஏனுங்க சாமி, தடம் மாறி வந்துட்டீங்களா?"

"நூல் நூற்கவில்லையா அம்மா?" என்றார் குரு.

"எங்கீங்க நூக்கறது? கொளத்தைப் பூட்டிப் போட்டாங்க. ஆத்துக்குப் போயிட்டு வரவே பொழுது சாஞ்சுருது. ஏன், வேட்டி கிழிஞ்சு போச்சுங்களா?"

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

வாகீசர் பக்கத்தில் நின்ற ராட்டையை விரலால் தள்ளினார். அது சுழன்றது. ஒல்லியாக ஒரு ரீங்காரம் எழுந்து அடங்கியது.

அவர் நிமிர்ந்து தெருவின் கடைசிவரை பார்த்தார். வீடு, ராட்டை. வீடு, ராட்டை.

பிறகு பாவாயியின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, ஆள் வைத்து உங்கள் வீட்டுக்கே தண்ணீர் கொண்டுவந்து ஊற்றச் சொல்கிறேன். நீங்கள் நூற்றால் போதும்."

"எங்க ராட்டை மேல சாமிக்கு என்னங்க அத்தனை ஆசை?"

குரு சொன்னார்:

"அந்தச் சத்தம் இல்லாமல் இவருக்குத் தூக்கம் வரவில்லை."

தெருவே சிரித்தது.

"அடியாத்தீ! நாம கண்ணு முழிச்சாத்தான் சாமிக்குக் கண்ணு மூடுமாமடி!"

பாவாயி மட்டும் சிரிக்கவில்லை.

"தண்ணி ஊத்த ஆள் வேண்டாங்க. சாவியக் குடுங்க."

வாகீசர் மடியிலிருந்து சாவியை எடுத்தார். அவள் கை படாமல் தரையில் வைக்கக் குனிந்தார். அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. அந்தக் கையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் குனிந்தே நின்றார். பிறகு சாவியை அதிலேயே வைத்தார்.

மடத்துக்குத் திரும்பி வந்து சோறு கேட்டார்.

குடங்கள் மீண்டும் படித்துறையில் இடிபட்டன. மதிலுக்கு அப்பால் ரீங்காரம் எழுந்தது. சில நாள் கழித்து வாகீசர் குருவிடம் வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"சுவாமி, சத்தம் திரும்பிவிட்டது."

"தூங்கினீரா?"

"இல்லை. முன்பு அது ஒரே சத்தமாக இருந்தது. இப்போது தனித்தனியாகக் கேட்கிறது. பாவாயியின் ராட்டை நிதானமாக ஓடுகிறது. கோடி வீட்டு ராட்டை விட்டுவிட்டுச் சுற்றுகிறது, அங்கே யாருக்கோ உடம்பு சரியில்லை. யாரோ புதிதாக உட்கார்ந்திருக்கிறார்கள், நூல் அடிக்கடி அறுந்துபோகிறது. அத்தனை பேரும் காதில் விழுகிறார்கள், சுவாமி. அத்தனை கைகளும். உட்கார்ந்தால் உடம்பு நடுங்குகிறது, பெரிய மலையின் அடியில் நிற்பது போல. எழுந்து நின்று கும்பிடத் தோன்றுகிறது. இமையை மூட முடியவில்லை."

அவர் குரல் தாழ்ந்தது.

"அந்த நாதம் இனி எனக்கு வராதா?"

குரு மதில் பக்கம் முகத்தைத் திருப்பிச் சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்போது உமக்கு வந்தது தூக்கம், வாகீசரே. நாதம் இப்போதுதான் வந்திருக்கிறது."