மேயரின் முதல் படம்

பள்ளிப் பிள்ளைகள் கடக்கவே பயப்படுகிற மில் சாலையில் வேகக் கேமரா வைத்தார்கள். நாற்பதைத் தாண்டி வருகிற வண்டியை, ஓட்டுபவரின் முகத்தோடு அது படம் பிடித்துவிடும். அதைக் கவனிக்கும் வேலை பொற்கொடிக்கு. அவள் சேர்ந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் மேயர் தணிகாசலம் அவளைக் கூப்பிட்டார்.

"இந்தாம்மா, கேமராவுல விழற முதல் படம் என்னோடதா இருக்கணும். அதைப் பெரிய திரையில காட்டணும்."

"ஐயா, அது வேகமா வர்றவங்களை மட்டும்தான்..."

"எனக்கே பாடம் எடுக்கிறியா? படம் வரலேன்னா நாளையோட உனக்கு வேலை இல்லை."

மேயர் எந்த விழாவுக்கும் நேரத்தில் கிளம்பியதில்லை. தாமதத்தைச் சாலையில்தான் ஈடுகட்டுவார். இது ஊரறிந்த சங்கதி.

"சரிங்கய்யா. விழா பத்து மணிக்கு. நீங்க எப்பவும் போல வந்தா போதும்" என்றாள் பொற்கொடி.

மறுநாள் கூட்டமெல்லாம் வந்து அமர்ந்த பிறகு, சரியாகப் பத்து மணிக்குக் கேமராவை இயக்கினாள். பத்தேகாலுக்கு மேயரின் கார் புழுதி பறக்க வந்து நின்றது.

"எங்கேம்மா என் படம்?" என்று மேயர் ஒலிபெருக்கியிலேயே கேட்டார்.

"தயாரா இருக்குங்கய்யா. முதல் படமே உங்களோடதுதான்."

திரையில் மேயர் தோன்றினார். ஒரு கை ஸ்டியரிங்கில். மறு கையில் சீப்பு. கீழே சிவப்பு எழுத்தில், 'வேகம் 82. அபராதம் உண்டு.'

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மேயரும் அவசரமாகச் சிரித்துவைத்தார்.

"கேமரா வேலை செய்யுதான்னு நானே சோதிச்சுப் பார்த்தேன்!"

"கேமரா பாஸாயிடுச்சுங்கய்யா" என்று அபராதச் சீட்டை நீட்டினாள் பொற்கொடி.