வராத காய்ச்சல்

“‘எனக்குக் காய்ச்சல் இல்லை, ராஜா. காய்ச்சல்னு சொல்லச் சொல்லி பெரிய வாத்தியார்தான் இங்கே உக்கார வெச்சார்.’ இதே வார்த்தை, மகாராஜா! பக்கத்து சமஸ்தானத்து ராஜா நிற்கிறார். அவர் எதிரிலேயே சொல்கிறாள்! இவளைத் துரத்தாவிட்டால் நான் எந்த முகத்தோடு ஒழுக்கம் போதிப்பது?”

சபை நடுவே நின்று கத்தியவர் தாண்டவராயர், சுனையூர் அரண்மனைப் பள்ளியின் பெரிய வாத்தியார். பள்ளிச் சுவரில் ‘மெய்யே பேசு’ என்று ஆள் உயரத்துக்கு எழுதிவைத்த மகான். அடுத்த வாரம் அவருக்கு ‘அறநெறிச் செம்மல்’ பட்டம் தருவதாக ஏற்பாடு.

எதிரே நின்ற செங்கமலத்துக்கு எட்டு வயது. எழுத்துக்கூட்டவே திணறுகிறவள், ஆனாலும் மழையோ வெயிலோ பள்ளிக்கு வராமல் இருந்ததில்லை. இங்கிருந்து துரத்தினால் அவளுக்குப் படிப்பு அதோடு சரி. சமஸ்தானத்தில் வேறு பள்ளி கிடையாது.

நடந்தது இதுதான். பெரிய மனிதர் வருகிறார் என்றால் சுவருக்கு வெள்ளை அடிப்பதும், மக்குப் பிள்ளைகளை ஒளித்துவைப்பதும் இந்தக் காலத்துக் கண்டுபிடிப்பு என்று யாராவது நினைத்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம். ராஜா வரும் நாளெல்லாம் சுனையூர்ப் பள்ளியில் படிப்பு ஏறாத பிள்ளைகளுக்கு மொத்தமாகக் காய்ச்சல் வந்துவிடும். அவர்களைப் பின்பக்கத்து மாட்டுக்கொட்டிலில் உட்கார வைத்துவிட்டு, முன்வரிசையில் அதிகாரிகள் வீட்டுப் பிள்ளைகளை இரவல் வாங்கி நிரப்புவார்கள். இந்த முறை ராஜாவோடு வந்திருந்த பக்கத்து ராஜாவுக்கு மாடு பார்க்கும் ஆசை வந்துவிட்டது. போனார். வைக்கோல் மேல் வரிசையாகப் பிள்ளைகள். கேட்டார். செங்கமலம் சுவரில் எழுதியிருந்தபடி நடந்துகொண்டாள்.

அரண்மனை வைத்தியச்சி வடிவுடையாள் ஓரமாக நின்று கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தாள். கஷாயத்தைவிட அவள் நாக்கு கசக்கும் என்று அரண்மனையில் பேச்சு. ஒழுக்கத்தைப் பற்றி இவ்வளவு சத்தமாகப் பேசுகிறவர்களைக் கண்டால் அவளுக்குத் தலைவலி வரும்.

ராஜா பூபதி மீசையைத் தடவினார். “வாத்தியார் பொய்யர் என்றால், பட்டம் கொடுக்கவிருந்த நான் முட்டாள். பெண் பொய் சொன்னாள் என்றால், என் பள்ளி பொய்யர்களை வளர்க்கிறது. இரண்டும் எனக்கு ஆகாது. வடிவு, காய்ச்சல் உன் பாடு. இரண்டு பேர் சொன்னதும் உண்மை என்று நிரூபி. முடியாவிட்டால் பெண் வெளியே.”

“அதாவது மகாராஜா, காய்ச்சல் இருக்கவும் வேணும், இருக்கவும் கூடாது.”

“அதேதான்.”

“இதென்ன பிரமாதம்!” என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் செங்கமலத்தின் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். பிறகு உதட்டைப் பிதுக்கினாள்.

“உள்காய்ச்சல், மகாராஜா. இருக்கிறவங்களுக்கே தெரியாது. அதனால இவ சொன்னதும் நிஜம், அவர் சொன்னதும் நிஜம்.”

தாண்டவராயருக்கு முகமெல்லாம் பல். “நான்தான் அப்போதே சொன்னேனே!”

“கெட்டிக்காரர்! எனக்கே நாடி பிடிச்சாத்தான் தெரியுது. நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க? தொட்டுப் பார்த்தா?”

“பின்னே? ஒவ்வொரு குழந்தையையும் என் கையால் தொட்டுப் பார்த்தேன். பெற்ற தகப்பன்கூட அப்படிப் பார்க்கமாட்டான்!”

“அடடா!” வடிவுடையாள் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினாள். “எல்லாப் பிள்ளைக்கும் ஒரே நாள்ல வந்திருக்கு. அப்போ தொத்துக் காய்ச்சல். தொட்டவங்க நோயாளிகளோடயே தங்கணும், காய்ச்சல் விடுறவரைக்கும். அம்மை வந்த வருஷம் உங்க பாட்டனார் போட்ட சட்டம், மகாராஜா.”

“சட்டம் சட்டம்தான்” என்றார் ராஜா. “எங்கே தங்குவது?”

“நோயாளிகளை வெச்ச இடத்துலதான். மாட்டுக்கொட்டில். ஐயாவே தேர்ந்தெடுத்த இடம், காத்தோட்டமாத்தான் இருக்கும்.”

“வைத்தியச்சி!” என்று அலறினார் தாண்டவராயர்.

“மருந்தும் கேட்டுக்கோங்க. பிள்ளைகளுக்குத் தேனும் பேரீச்சம்பழமும். பெரியவங்களுக்கு நிலவேம்புக் கஷாயம், ரெண்டு வேளையும். அப்புறம், பாடம் உள்ளே இறங்காததால வந்த காய்ச்சல் இது. பக்கத்துல உக்காந்து, திட்டாம, அடிக்காம, புரியுற வரைக்கும் சொல்லிக்கொடுக்கணும். ராத்திரி மட்டும் பிள்ளைகள் வீட்டுக்குப் போகலாம். நீங்க போகக் கூடாது.”

“எத்தனை நாளைக்கு?”

“காய்ச்சல் விடுற வரைக்கும்.”

“அது எப்போது விடும்?”

“உங்களுக்குத்தானே தெரியும், ஐயா? வரவழைச்சது நீங்கதானே.”

தாண்டவராயர் பட்டத்தை நினைத்துக் கஷாயத்தை விழுங்கினார். தினமும் காலையில் வடிவுடையாள் வந்து பிள்ளைகளின் நாடியைப் பார்த்து, “இன்னும் விடலையே” என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனாள். பேரீச்சம்பழம் தின்று பிள்ளைகளின் கன்னங்கள் உப்பின. அவருக்கு வேறு போக்கிடம் இல்லை, உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்.

பட்டம் தரவேண்டிய நாளும் வந்தது. தலையில் வைக்கோலும், நாக்கில் கசப்பும், மாடு நக்கிய அங்கவஸ்திரமுமாக அவர் சபைக்குள் ஓடி வந்தார். பின்னாலேயே அவரைப் பிடிக்கப் பிள்ளைகள்.

“மகாராஜா! இந்தப் பிள்ளைகளுக்குக் காய்ச்சலே இல்லை!”

“நிச்சயமாவா?” என்றாள் வடிவுடையாள்.

“சத்தியமாக! ஒரு நாளும் இருந்ததில்லை! சும்மா சொன்னேன்!”



“கஷாயம் வேலை செஞ்சிருச்சு, மகாராஜா” என்றாள் அவள். “ஐயாவுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு.”

பக்கத்து ராஜா ஊர் போய்ச் சேர்ந்துவிட்டதால் பூபதிக்குச் சிரிப்பு தாராளமாக வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பட்டத்துக்கென்று தட்டில் வைத்திருந்த பட்டுச் சால்வையை எடுத்து வடிவுடையாள் தோளில் போட்டார். பட்டம் எழுதிய ஓலை தட்டிலேயே கிடந்தது. செங்கமலம் பள்ளியிலேயே இருக்கட்டும் என்று உத்தரவாயிற்று.

“பெண்ணே, என்ன கற்றுக்கொண்டாய்?”

“சுவத்துல இருக்கிறதை வாசிக்கத் தெரியும், ராஜா. மெய்... யே... பே... சு.”

“பலே! அடுத்த முறை நான் யானை மேல் வருவேன். நீதான் முன்வரிசை! வேறு என்ன வேண்டும்? தயங்காமல் கேள்.”

செங்கமலம் யோசித்தாள்.

“அடுத்த தடவை சொல்லாம வாங்க, ராஜா.”

ராஜாவின் சிரிப்பு பாதியில் நின்றது. தாண்டவராயர் தலையிலிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினார். அதிகாரிகள் தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள். வடிவுடையாள் மட்டும் ராஜாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யானை வேணாம், ராஜா. சும்மா ஒரு நாள் நடந்து வாங்க. வருவீங்களா?”