குட்டைமேல் எழுந்த ஏழு அடுக்கு

காட்டுக்கு நடுவில் ஒரு குட்டை இருந்தது. இருந்தது என்று நான்தான் சொல்கிறேன். இரண்டு வருஷம் மழை பொய்த்ததும், காட்டில் எல்லோரும் அதைத் திடல் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். எல்லா ஒற்றையடிப் பாதைகளும் அங்கேதான் வந்து சேரும். மான் அதன் குறுக்கே நடந்தது. மயில் அங்கே ஆடிப் பார்த்தது. முயல் குட்டிகள் ஓடிப் பிடித்து விளையாடின. அது தண்ணீர் நின்ற இடம் என்பதே மறந்து போயிற்று. மறக்க எத்தனை நாள் வேண்டும் என்கிறீர்கள்? ரொம்ப நாள் வேண்டாம்.

ஒருவன் மட்டும் மறக்கவில்லை. அவன் வெயில்முத்து என்கிற ஓணான். கரையோரத்துக் கருவேல மரத்தில் குடியிருந்தான். குட்டையில் தண்ணீர் இருந்த காலத்தில் ஒரு நாள் கிளையிலிருந்து தவறி உள்ளே விழுந்தான். ஓணானுக்கு நீச்சல் சுத்தமாக வராது. இரண்டு வாய் தண்ணீர் குடித்துவிட்டான். அப்போது சேத்தாயி என்கிற தவளை கீழே புகுந்து, தன் முதுகில் அவனை ஏற்றிக் கரையில் கொண்டுபோய் விட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு அவன் அண்ணன், அவனுக்கு அவள் தங்கச்சி.

சேத்தாயியின் இனத்துத் தவளைகள், தண்ணீர் வற்றினால் மண்ணுக்குள் இறங்கித் தூங்கிவிடும். மழைத் தண்ணீர் வந்து தொட்டால்தான் எழுந்திருக்கும். அதற்கு ஒரு வருஷம் ஆனாலும் சரி, இரண்டு வருஷம் ஆனாலும் சரி. குட்டை சேறாகிக் கொண்டிருந்த கடைசி நாளில் சேத்தாயி அவனிடம் வந்தாள்.

"அண்ணே, நாங்க பதினோரு பேரும் கீழே போறோம். மழை வர்ற வரைக்கும் எங்களுக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேக்காது. யாராவது இங்க வந்து ஏதாவது செய்யப் பார்த்தா, கீழே ஆள் இருக்குன்னு மட்டும் சொல்லிடுங்க. ஒரு வார்த்தை போதும்."

"இதெல்லாம் நீ சொல்லணுமா தங்கச்சி? நிம்மதியாப் போய்த் தூங்கு" என்றான் வெயில்முத்து. தலையையும் ஆட்டினான். ஓணான்கள் எதற்கும் தலையை ஆட்டும், உங்களுக்குத் தெரியுமே.

மூன்றாம் வருஷக் கோடையில் காட்டின் வடக்குப் பக்கம் தீப்பிடித்தது. வளை, பொந்து, புதர் எல்லாம் கருகிப் போயின. வீடிழந்தவர்கள் திடலைச் சுற்றி வந்து விழுந்து கிடந்தார்கள். முயலம்மா நான்கு குட்டிகளோடு ஒரு காய்ந்த செடியின் கீழே குறுகி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தால் கல்லும் கரையும்.

அப்போதுதான் கரடி மேஸ்திரி வந்தது. கரடிக்குக் கட்டத் தெரியாது. வேலை வாங்கத் தெரியும். கறையான்களைக் கூப்பிட்டு, "கட்டி முடிக்கிற வரைக்கும் உங்க புத்துல நாக்கை விடமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டது. பாவம், அதுகளுக்கு அது பெரிய வரம்.

"திடல் நடுவுல ஏழு அடுக்கு கட்டறோம்" என்றது கரடி. "கீழ் அடுக்கு முயலுக்கும் கீரிக்கும். நடுவுல முள்ளம்பன்றி, மரநாய். மேலே பறவைங்க. ஆனா ஒண்ணு, எல்லார் கருத்தையும் கேட்டுட்டுத்தான் கட்டுவேன். நாளைக்குப் பின்னால யாரும் ஒரு பேச்சு பேசக்கூடாது."

மறுநாள் உச்சி வெயிலில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. கேட்டு எழுதியது காக்கை. ஒரு பனை மட்டையை வைத்துக்கொண்டு, சம்மதம் என்றால் ஒரு கோடு, ஆட்சேபணை என்றால் இரண்டு கோடு என்று அலகால் கீறிக்கொண்டிருந்தது.

"உச்சியில நின்னு ஆடினா காடே பாக்கும். எனக்குச் சம்மதம்" என்றது மயில்.

"எனக்கு வீடு வேண்டாம். மத்தியானத்துல நிழல் விழும்ல, அது போதும்" என்றது மான்.

முயலம்மா எழுந்து நின்றாள். "குட்டிங்களுக்கு மேலே ஒரு கூரை..." என்று ஆரம்பித்து அழுதுவிட்டாள். கூட்டத்தில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

வெயில்முத்து வரிசையில் நின்றிருந்தான். 'கீழே ஆள் இருக்கு. கொஞ்சம் தள்ளி மேட்டுல கட்டுங்க.' இதைத்தான் மனசுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லத்தான் வந்திருந்தான், அதில் பொய்யில்லை. அப்போது கரடி பக்கத்தில் வந்து குனிந்தது.

"உச்சியில கிழக்குப் பாத்து ஒரு திட்டு விட்டிருக்கேன். காலையில முதல் வெயில் அங்கதான் விழும். யாருக்குக் குடுக்கலாம்னு யோசிச்சேன், உன் ஞாபகம்தான் வந்தது."

ஓணானுக்குக் காலை வெயில் என்றால் என்ன என்று ஓணானைக் கேட்டால்தான் தெரியும். வெயில்முத்து கிழக்கே ஒரு தடவை திரும்பிப் பார்த்தான்.

"அடுத்தது ஓணான். உங்க கருத்து?" என்றது காக்கை.

"அது வந்து... இந்த இடம் முன்னால..."

"கதையெல்லாம் வேண்டாம். பின்னால இன்னும் நிறைய பேர் நிக்கறாங்க. சம்மதமா, இல்லையா?"

வெயில்முத்து முயலம்மாவைப் பார்த்தான். கரடியைப் பார்த்தான். அவன் தலை மேலும் கீழும் ஆடியது.

"சம்மதம்" என்று காக்கை ஒரு கோடு கீறியது. "அடுத்தது!"

அது பழக்கத்தில் ஆடிய தலை என்று அவன் பிற்பாடு பல தடவை சொன்னான். இருக்கலாம். ஆனால் 'கொஞ்சம் நில்லு' என்று சொல்ல வாய் இருந்தது, நேரமும் இருந்தது. அவன் சொல்லவில்லை. முயலம்மா நன்றியோடு அவனைப் பார்த்துச் சிரித்தாள். அவனும் சிரித்துவிட்டு மரத்துக்குப் போனான். 'இந்த வருஷமும் மழை வராது. வந்தா அப்ப பாத்துக்கலாம், மண்ணுதானே' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

கூட்ட முடிவில் காக்கை அறிவித்தது. "எல்லார் கிட்டயும் கேட்டாச்சு. ஆட்சேபணை ஒண்ணுகூட இல்லை."

கீழே பதினோரு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

கறையான்கள் மண்ணை எச்சிலில் குழைத்துத் தரை போட்டன. குட்டையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் ஒரே தரை. காய்ந்த பிறகு அதில் பாறைக்கும் மண்ணுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தரை போடும்போது ஒரு கறையான் மட்டும் நின்றது. "மேஸ்திரி, இங்க அடியில ஏதோ மெத்துனு இருக்கு."

"கருத்துக் கேட்டாச்சு. வேலையைப் பாரு" என்றது கரடி.

வெயில்முத்து அப்போது கருவேலங் கிளையில்தான் இருந்தான். கறையான் சொன்னது அவன் காதில் விழுந்தது. கிளையின் அந்தப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஏழு அடுக்கும் எழுந்து நின்றது. அழகாகத்தான் இருந்தது, அதை இல்லை என்று சொல்லக்கூடாது. முயல் குட்டிகள் காய்ந்த தரையில் கால் நீட்டித் தூங்கின. முள்ளம்பன்றி தன் அறையை மூன்று தடவை சுற்றிச் சுற்றி வந்தது. வெயில்முத்துவுக்குத் திட்டு கிடைத்தது. காலையில் முதல் வெயில் அவன் முதுகில்தான் விழுந்தது. மரத்தில் இருந்ததைவிடச் சுகமாக இருந்தது. கட்டி முடித்த அன்றே கரடி கறையான் புற்றுகளைத் தேடிப் போய்விட்டது, அந்தக் கொடுமை தனி.

ஐப்பசியில் மழை வந்தது. வராது என்று நினைத்த மழை, மூன்று நாளைக்கு விடாமல் கொட்டியது. ஏழு அடுக்கு ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. ஆனால் தண்ணீர் கரையோர மண்ணில் ஊறித் தரைக்கு அடியில் இறங்கியது.

இரண்டாம் நாள் காலையில் முயலம்மா அக்கம்பக்கத்தாரிடம் சொன்னாள். "தரைக்கு அடியில ஏதோ சத்தம் கேக்குது. குட்டிங்க பயப்படுதுங்க."

"காத்தா இருக்கும்" என்றது கீரி.

மேலே திட்டில் இருந்த வெயில்முத்துவுக்குக் கேட்டதும் தெரிந்துவிட்டது. ஏழு அடுக்கும் விழுந்தடித்து இறங்கி வந்து, முயலம்மாவின் அறைத் தரையில் காதை வைத்தான். பதினோரு குரல்கள். அதில் ஒன்று அவனுக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

"அண்ணே, மழை வந்துடுச்சு. எந்திரிச்சுட்டோம். மேலே தலை இடிக்குது, வழியைக் காணோம். எந்தப் பக்கம் போனாலும் இப்படியே இருக்கு. அண்ணே, இருக்கீங்களா?"

"இருக்கேன் தங்கச்சி, இருக்கேன்." தரையை நகத்தால் பறித்தான். இரண்டு நகம் ஒடிந்ததுதான் மிச்சம். கோடுகூட விழவில்லை.

முயலம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். "கீழே யாரு?"

அவன் எல்லாவற்றையும் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை.

"அன்னிக்கே சொல்லியிருந்தா நான் மேட்டுல இருந்திருப்பேனே" என்றாள். "எனக்கு வேண்டியது ஒரு கூரைதானே. அது இந்த இடத்துலதான் இருக்கணும்னு நான் எப்பக் கேட்டேன்?"

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கரடியைத் தேடி மழையில் ஓடினான்.

"தரையை உடைச்சா மேலே ஆட்டம் குடுக்கும்" என்றது கரடி. "எனக்கு ஒண்ணும் இல்லப்பா. குடியிருக்கறவங்க அத்தனை பேரும் சம்மதிக்கணும். கருத்துக் கேட்டுக் கட்டின வீடு, கருத்துக் கேட்டுத்தான் உடைக்கணும்."

காக்கை மறுபடி பனை மட்டையை எடுத்துக்கொண்டு அடுக்கு அடுக்காக ஏறியது. யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோரும் யோசித்துத்தான் சொன்னார்கள். யோசிக்கத்தான் நேரம் பிடித்தது.

"மழை விட்டதும் உடைக்கலாமே" என்றது மரநாய்.

"ஒரு ஓரமா மட்டும் உடைச்சா போதாதா?" என்று கேட்டது முள்ளம்பன்றி.

"என் அறை நடுவுல உடைங்க, இப்பவே உடைங்க" என்றாள் முயலம்மா. குட்டிகளைத் தூக்கிக்கொண்டு மழையில் போய் நின்றுவிட்டாள்.

ஆந்தை பகலில் தூங்கும். அதை எழுப்பிக் கேட்கவே அரை நாள் ஆயிற்று. மயில் மழைக்கு ஆடப் போயிருந்தது. அதைத் தேடிப் பிடித்துக் கூட்டி வர மீதி அரை நாள் ஆயிற்று.

வெயில்முத்து தரையை விட்டு நகரவில்லை. அன்று சாயங்காலம் கீழே ஐந்து குரல் கேட்டது. மூன்றாம் நாள் காலையில் ஒரே ஒரு குரல்.

"அண்ணே, தண்ணி நிறைஞ்சுடுச்சு. மூச்சு விட இடம் இல்ல. நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கள்ல? அப்ப வந்துடுவாங்க."

அவன் தலை மேலும் கீழும் ஆடியது. அவள் அதைப் பார்க்க முடியாது. வாயைத் திறந்தான். வார்த்தை வரவில்லை.

மத்தியானம் காக்கை இறங்கி வந்தது. "எல்லாரும் சம்மதம். ஆட்சேபணை ஒண்ணுகூட இல்லை. உடைக்கலாம்."

கரடி நகத்தைப் போட்டு உடைத்தது. கீரி பறித்தது. முள்ளம்பன்றி மண்ணைத் தள்ளியது. மயில்கூட தோகையைச் சேற்றில் போட்டுக்கொண்டு உதவியது. தரை பிளந்ததும் தண்ணீர் மேலே வந்தது. அதோடு பதினோரு பேரும் வந்தார்கள். ஒருவர்கூட அசையவில்லை. சேத்தாயி கடைசியாக வந்தாள். அவள் மூக்கு நுனி தேய்ந்து போயிருந்தது. தரையின் அடிப்பக்கத்தில் அவள் முட்டிய இடம் ஒரு சின்னக் குழியாகத் தெரிந்தது.

வெயில்முத்து அவளைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு கரைக்குப் போனான். அவ்வளவு தூரம் அவனால் தூக்க முடியும் என்று யாரும் நினைக்கவில்லை. யாரும் கை கொடுக்கவும் துணியவில்லை.

அதன்பிறகு அவன் திட்டுக்கு ஏறவே இல்லை. அடுத்த ஐப்பசியிலும் மழை பெய்தது. உடைத்த இடத்தில் தண்ணீர் நின்றது. ஏழு அடுக்கில் இருந்தவர்கள் எல்லோரும் அதன் ஓரம் வந்து காது கொடுத்துக் கேட்டார்கள். மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. முயலம்மா குட்டிகளை மேல் அடுக்குக்குக் கூப்பிட்டுக்கொண்டாள்.

வர முடியாதவருக்காக ஒரு வார்த்தை சொல்கிறேன் என்று ஒத்துக்கொண்டவர், அதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் விட்டால், பிறகு ஊரே கூடிச் சொன்னாலும் அந்த வார்த்தை உதவாது.