நாற்பத்து நான்கு பேர் பார்த்த போராட்டம்

கொழிஞ்சிப்பட்டிக்காரர்களுக்கு மூளை இல்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். இருக்கிறது. எடுத்துச் செலவு பண்ணத்தான் அவர்களுக்கு மனசு வராது. நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் செம்பாயி அக்கா பதினோரு ஓட்டில் தோற்றுப்போனாள். ஜெயித்தவர் கோதண்டபாணி. ஊர்க் குழாய்க்கு வரவேண்டிய தண்ணீரை மூன்று வருஷமாகத் தன் தென்னந்தோப்புக்குத் திருப்பிவிட்டிருக்கிற புண்ணியவான். ஓட்டு எண்ணும்போது ஒரு கட்டு மேசைக்கு அடியில் கிடந்ததை அக்கா கண்ணால் பார்த்தாள். நேரே தேர்தல் அதிகாரியிடம் போய்ச் சொன்னாள். அவர் நல்ல மனுஷன்.

“நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஒரு மனு எழுதி, நீங்களே வந்து என் கையில குடுங்கம்மா. மறுபடி எண்ணிடலாம்,” என்றார்.

இவ்வளவுதான் வேலை. ஒரு காகிதம், ஒரு கையெழுத்து. ஆனால் அக்காவுக்கு ஆதரவாக ஊரே திரண்டுவிட்டது. அங்கேதான் சனி பிடித்தது.

ஆதரவாளர்களுக்குத் தலைவர் சைக்கிள் கடை பொன்னுரங்கம். அவருடைய மச்சான் வேல்ராசு தோஹாவில் வேலை பார்க்கிறான். ஆகவே உலக விவகாரம் முழுக்க அவன் பொறுப்பு. போனில் சொன்னான்:

“மனுவெல்லாம் இப்ப யாரு மச்சான் படிக்கிறா? ஆபீஸ் வாசல்ல போராட்டம் பண்ணுங்க. லைவ் போடுங்க. நாப்பது பேராவது பாத்தாத்தான் வெளிநாட்டு சேனல்காரன் திரும்பிப் பாப்பான். பேனரை இங்கிலீஷ்ல எழுதுங்க.”

இங்கிலீஷ் தெரிந்தவர் ஊரில் யாரும் இல்லை. ஆனால் இங்கிலீஷ் இருந்தது, சடையாண்டி வீட்டு உர மூட்டையில். அதைப் பார்த்து ஓர் எழுத்துப் பிசகாமல் வேட்டியில் சிவப்புப் பெயின்டால் எழுதினார்கள். ‘குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் வைக்கவும். கொக்கி மாட்டித் தூக்காதீர்’ என்பது அதற்கு அர்த்தம். அர்த்தம் கேட்க அவர்களுக்கு நேரமில்லை.

மறுநாள் மத்தியானம் அக்காவோடு சேர்த்து நாற்பத்திரண்டு பேர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தார்கள். ஊரிலிருந்து ஐந்து நிமிஷ நடைதான். பேனரைச் சுவரில் கட்டி, பொன்னுரங்கத்தின் இரண்டு போன்களில் ஒன்றை எதிரே வேப்பமரத்தில் கட்டி, லைவைப் போட்டார்கள். மனு செம்பாயி அக்காவின் இடுப்பில் பத்திரமாக இருந்தது.

ஒரு மணி நேரம் ஆயிற்று. பார்ப்பவர் எண்ணிக்கை ஒன்று. அது வேல்ராசு.

“உலகம் ஏன் பாக்க மாட்டேங்குது?” என்று சடையாண்டி கேட்டான்.

“உலகத்துக்கு நம்மளைத் தெரியாதே. தெரிஞ்சவங்கதான பாப்பாங்க,” என்றார் பொன்னுரங்கம்.

“நம்மளைத் தெரிஞ்சவங்க யாரு?”

கூட்டம் ரொம்ப நேரம் யோசித்தது. கடைசியில் ஆவுடைதான் கண்டுபிடித்தாள். “நாமதான்.”

ஆனால் அந்த வெயிலில் போன் திரை கண்ணுக்குத் தெரியவில்லை. அதனால் பத்துப் பேரை வீட்டுக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னார்கள். எண்ணிக்கை பதினொன்று ஆனது. இன்னும் இருபது பேர் போனார்கள். முப்பத்தொன்று.

“பாத்தீங்களா, ஆள் கொறையக் கொறையக் கூட்டம் கூடுது,” என்று பொன்னுரங்கம் பூரித்துப்போனார்.

மீதி இருந்தது பன்னிரண்டு பேர். “நான் இருக்கேன்டா, மனு குடுக்கணும்,” என்றாள் அக்கா.

“நீங்க மட்டும் தனியா உக்காந்திருந்தா கூட்டமே இல்லைன்னு உலகம் நினைக்காதா அக்கா? யாருமே இல்லைன்னா, எங்கயோ ஊர்வலம் போயிருக்காங்கன்னு நினைச்சுக்கும்,” என்றார் பொன்னுரங்கம்.

அக்காவுக்கு அது நியாயமாகப் பட்டது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். என்னை யார் கேட்டார்கள்?

நாலு மணிக்கு எண்ணிக்கை நாற்பத்து மூன்று. வேல்ராசு சொன்னது பொய்யில்லை, வெளிநாட்டு சேனல் ஒன்று நிஜமாகவே செய்தி போட்டது. ஆளில்லாத வாசலையும் பேனரையும் காட்டி, ‘வெயில் தாங்காமல் ஊரே காலி, தங்களைக் குளிர்ச்சியான இடத்தில் வைக்கக் கோரிக்கை, கொக்கிக்குக் கடும் எதிர்ப்பு’ என்றது. ஊரில் வெடி போட்டார்கள்.

நாலே முக்காலுக்கு அதிகாரி வெளியே வந்தார். பேனரைப் படித்தார். சுற்றிப் பார்த்தார். “செம்பாயி அம்மா இருக்காங்களா? மனு வாங்கத்தான் உக்காந்திருக்கேன்,” என்று காலி வாசலைப் பார்த்துக் கேட்டார்.

“இருக்கேன் சார்,” என்று அக்கா வீட்டுக்குள்ளிருந்து போனைப் பார்த்துக் கத்தினாள். ஊரே லைக் கட்டைவிரலை அழுத்தியது. அதிகாரிக்குக் கேட்கவில்லை. அக்கா மனுவை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். பொன்னுரங்கம் குறுக்கே வந்து நின்றார்.

“எங்க அக்கா போறீங்க? போனை வச்சுட்டுப் போனா நாப்பத்திரெண்டு ஆயிடும். சேனல்காரன் பாத்துக்கிட்டு இருக்கான்.”

“மணி ஆச்சுடா பாவி, வழி விடு.”

“பேராதரவு சரிஞ்சதுன்னு போட்டுருவான் அக்கா.”

அப்போது அதிகாரி, இது என்ன கூத்து என்று தன் போனை எடுத்து அந்த லைவையே திறந்து பார்த்தார். எண்ணிக்கை நாற்பத்து நான்கு.

“அதிகாரியும் நம்ம பக்கம்,” என்று ஆவுடை குலவை போட்டாள். தெருவே கூடி ஆடியதில் அக்காவுக்கு நகர வழியில்லை. மணி ஐந்து. அதிகாரி ஒரு பெருமூச்சு விட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு போனார். நாற்பத்து மூன்று பேர் அதைப் பார்த்தார்கள்.

செம்பாயி அக்கா மனுவை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். மூன்று வருஷம் தண்ணீர் சுமந்த இடுப்பு அது, அழாமல் என்ன செய்யும்?

“அழாதீங்க அக்கா,” என்றார் பொன்னுரங்கம். “தோத்தது பதினோரு ஓட்டு. பாத்தது நாப்பத்து நாலு பேர். கழிச்சுப் பாருங்க, முப்பத்து மூணுல நாமதான் ஜெயிச்சிருக்கோம்.”

அக்கா விரல்விட்டுக் கழித்துப் பார்த்தாள். முப்பத்து மூன்றுதான் வந்தது. கணக்கு சரியாக இருக்கும்போது எவ்வளவு நேரம் அழ முடியும்? கண்ணைத் துடைத்துக்கொண்டு, லைவிலேயே பதவியேற்றாள்.

“அப்ப தண்ணி?” என்று சடையாண்டி கேட்டான்.

பொன்னுரங்கம் தோஹாவுக்குப் போன் போட்டார். வேல்ராசு தங்கியிருக்கும் இடத்தில் இருபத்து நாலு மணி நேரமும் தண்ணீர். அவன் குழாயைத் திறந்துவிட்டு லைவ் போட்டான். நுரைத்துக்கொண்டு கொட்டுகிறது தண்ணீர். இங்கே சுவரில் சாய்த்துவைத்த போனுக்கு அடியில் குடங்கள் வரிசை கட்டின. ஆவுடை வரிசையில் முந்திவிட்டாள் என்று பெரிய அடிதடி.

புதுத் தலைவி எழுந்து வந்து தீர்த்துவைத்தாள்.

“சண்டை போடாதீங்க. வீட்டுக்கு ரெண்டு குடம்தான். நிரம்பினவங்க நகருங்க.”