நான்காவது தட்டு

கேட்டால் கோபம் வரும் கதை இது. கோபத்தோடு நின்றுவிட முடியாது; முடிவில் ஒரு கேள்விக்குப் பதிலும் சொல்ல வேண்டியிருக்கும்.

கோயம்புத்தூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் செண்பகவல்லி என்ற விஞ்ஞானி இருந்தாள். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்ளும் குழந்தைகளில் பலர் பிழைத்துவிடுகிறார்கள். ஆனால் சிலருக்குக் காது கேளாமல் போய்விடுகிறது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா இருக்கிறது. செல்லுக்கு உயிர்ச்சக்தி தருவதும் அதுதான், சாவு உத்தரவு போடுவதும் அதுதான். புற்றுநோய் மருந்து அந்த உத்தரவைப் போட வைக்கிறது. கட்டியின் செல்கள் சாகின்றன, உட்காதின் செல்களும் கூடவே சாகின்றன.

அந்த உத்தரவை மறிப்பதற்காகச் செண்பகவல்லி ஒன்பது அமினோ அமிலங்களைக் கோத்து பெப்டைட் என்ற சிறு புரதத் துண்டு ஒன்றை வடிவமைத்தாள். அது வழியில் சிதையாமல் மைட்டோகாண்ட்ரியாவைப் போய்ச் சேரும்படி மாற்றி மாற்றிச் செய்து பார்த்ததில் ஆறு வருடம் ஓடிவிட்டது.

அவளுக்காகச் செல்களை வளர்த்துக் கொடுத்தவர் மைதீன். ஒப்பந்த ஊழியர். ஆய்வுக்கூடத்தில் பார்ப்பதை வெளியே சொல்ல மாட்டேன் என்று எழுதிக் கொடுத்து வேலைக்குச் சேர்ந்தவர்.

மூன்று தட்டுகளில் காதின் செல்களை வைத்துப் பார்த்தார்கள். பெப்டைடைச் சேர்த்திருந்ததால், புற்றுநோய் மருந்தை ஊற்றியும் அவை பிழைத்துக்கொண்டன. நான்காவது தட்டில் கட்டியின் செல்கள்.

"மேடம், இதுவும் சாகலை," என்றார் மைதீன்.

மறுபடியும் செய்தார்கள். மூன்று முறை செய்தும் அதேதான். காதைக் காக்கும் மருந்து புற்றுநோயையும் சேர்த்துக் காத்தது.

நிலையத்தின் தலைவர் பேராசிரியர் ஜெயசீலனிடம் செண்பகவல்லி ஓடினாள். நாற்பது குழந்தைகளுக்கு அந்தப் பெப்டைடை நரம்பில் ஏற்றிச் சோதிக்க அவர் விண்ணப்பம் தயாரித்து வைத்திருந்தார். திங்கட்கிழமை நெறிமுறைக் குழு கூடி அனுமதி தருவதாக இருந்தது.

"நரம்புல ஏத்தினா உடம்பு முழுக்கப் போகும் சார். காதுக்குள்ள மட்டும் செலுத்தற மாதிரி மாத்திடலாம். ரெண்டு வருஷம் ஆகும்."

"அந்த ரெண்டு வருஷத்துல காது போற பிள்ளைங்களுக்கு யாரும்மா பொறுப்பு? தட்டுல நடக்கறதெல்லாம் உடம்புல நடக்கணும்னு இல்ல. நாலாவது தட்டு விண்ணப்பத்துல வேண்டாம்."

"பெத்தவங்க கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி இது தெரிய வேண்டாமா?"

"தெரிஞ்சா போடுவாங்களா?"

சர்வ சாதாரணமாகச் சொன்னார். செண்பகவல்லிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. புற்றுநோய் வார்டில் அந்தப் பெற்றோர்களை அவள் பார்த்திருக்கிறாள். டாக்டர் நீட்டும் தாளைப் படிக்கத் தெம்பில்லாமல், அவர் முகத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள். அங்கேயே ஒரு தாளை எடுத்து, விண்ணப்பத்திலிருந்து தன் பெயரை நீக்கிவிடும்படி எழுதி அவர் மேஜைமேல் போட்டாள். ஆறு வருட உழைப்பை அந்த இரண்டு வரியில் உதறிவிட்டு வெளியே வந்தாள்.

மைதீனிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு, "இந்தப் பொய்யில என் பேர் இருக்காது," என்றாள்.

"உங்க பேர் போயிட்டா ஊசி போடறது நின்னுடுமா மேடம்?"

அவளுக்கு அவர்மேலும் கோபம் வந்தது. பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை குழு கூடிய அறைக்குள் மைதீன் அழைக்காமலே நுழைந்தார். நான்காவது தட்டின் படங்களைக் குழுத் தலைவர் முன்னால் வைத்து, மூன்று முறை என்ன நடந்தது என்று சொன்னார். குழு விண்ணப்பத்தை நிறுத்தியது. காதுக்குள் மட்டும் செலுத்தும் முறையைச் சோதித்துவிட்டு வரச் சொன்னது.

எழுதிக் கொடுத்த வாக்கை மீறினார் என்று அன்று மதியமே மைதீனை வேலையைவிட்டு அனுப்பினார்கள். ஜெயசீலன் அதே நாற்காலியில் இருந்தார். ஆறு வருட உழைப்பையே துறந்த நேர்மைக்காரி என்று ஊரெல்லாம் செண்பகவல்லியைப் புகழ்ந்தது. புதிய ஆய்வும் அவள் பொறுப்புக்கே வந்தது.

காது போகும் பிள்ளைகளுக்காக என்று சொல்லி உண்மையை மறைத்தவர் ஒருவர். பொய்யில் பங்கு வேண்டாமென்று விலகியவள் ஒருத்தி. கொடுத்த வாக்கை உடைத்து உண்மையைச் சொன்னவர் ஒருவர். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: மைதீன் செய்ததே சரி. பிள்ளைகளுக்காகப் பேசிய ஜெயசீலன், அவர்களைப் பெற்றவர்களிடம் கேட்கத் துணியவில்லை. செண்பகவல்லி விலகியதால் அவள் பெயர் சுத்தமாயிற்று. நாற்பது குழந்தைகளுக்கு வரவிருந்த ஆபத்து துளியும் குறையவில்லை. மைதீன் கொடுத்த வாக்கு ஆய்வின் ரகசியத்தைக் காக்க மட்டுமே. குழந்தையின் உயிருக்கு வரும் கேட்டை மூடி மறைக்க எவரும் எவரிடமும் வாக்கு வாங்க முடியாது. இது செண்பகவல்லிக்கும் பிறகு புரிந்தது. மைதீனைத் திரும்ப எடுத்தால்தான் புதிய ஆய்வைத் தொடங்குவேன் என்று நிலையத்துக்கு எழுதிவிட்டாள். இன்றுவரை பதில் இல்லை.