ஆயில் மூடியில் வெண்ணுரை

"கோபம் போக ஒரு மந்திரம் கொடுங்கம்மா" என்றாள் வடிவாம்பாள்.

குருவம்மாவிடம் மந்திரம் கேட்டுப் போய்த் துடைப்பத்தோடு திரும்பியவர்கள் அந்த ஆசிரமத்தில் நிறையப் பேர். ஐம்பது வயது வடிவாம்பாளுக்கு வாய்த்தது ஒரு பழைய ஜீப். தினமும் காலையில் பால் சொசைட்டிக்குப் போய்ப் பால் வாங்கி வர வேண்டும்.

"யார் மேல கோபம்?"

"என் தம்பி மேலதான். அம்மா செத்தப்ப, நான் போய்ச் சேர்றதுக்குள்ள கொள்ளி வச்சுட்டான். கடைசியா முகத்தைக்கூடப் பாக்கலம்மா. இப்ப அவ்வளவு தூரத்துல, மானாமதுரையில படுத்த படுக்கையா கெடக்கான். அக்கா எங்கேன்னு கேக்குறானாம்."

"நீ போகலையா?"

"இந்தக் கோபத்தோட எப்படிப் போறது? தினமும் கொஞ்ச நேரம் கண்ணை மூடி உக்காருறேன். போன மாதிரி இருக்கு. எந்திரிச்சா மறுபடி வந்துடுது."

"வண்டியில ஆயில் பாத்தியா?"

வடிவாம்பாளுக்கு எரிச்சலாக வந்தது. நாம் ஒன்று கேட்டால் இந்தம்மா வேறொன்று கேட்கிறாரே. ஆனாலும் போய் பானெட்டைத் தூக்கினாள். ராத்திரி முழுக்க நின்ற எஞ்சின் சில்லென்று இருந்தது. ஆயில் ஊற்றும் வாயின் மூடியைத் திருகி எடுத்தாள்.

மூடியின் உள்பக்கம் மோர் நுரை போல வெள்ளையாக அப்பியிருந்தது.

"ஐயோ, எஞ்சினுக்குள்ள தண்ணி எறங்கிடுச்சும்மா!"

"ரேடியேட்டரைப் பாரு."

பார்த்தாள். தண்ணீர் துளிகூடக் குறையவில்லை.

"அப்ப இது எங்கேயிருந்து வந்துச்சு?" மூடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "போன வாரமும் லேசா இருந்துச்சு, துடைச்சேன்."

"துடைச்சதும் போயிடுச்சா?"

"போச்சு. மறுபடி வந்திருக்கு."

"தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுறே?"

"சொசைட்டி வரைக்கும்தான். எஞ்சின் சூடேறுறதுக்குள்ள திரும்பிடுவேன்."

"காத்துல இருக்கிற ஈரம்தான் உள்ள வேர்த்து நிக்குது. நல்லா சூடேறினா ஆவியாப் போயிடும்."

"அப்ப மெக்கானிக்கைக் கூப்பிட்டு, எல்லாம் சுத்தம் பண்ணிட்டு, அப்புறமா எடுக்கவா?"

"இப்பவே எடு."

"எவ்வளவு தூரம் ஓட்டணும்?"

குருவம்மா மூடியை வாங்கித் துடைத்தார். ஓரத்து ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பார்த்து, இடத்தில் வைத்துத் திருகினார். பிறகு ஜீப்பின் பின்பக்கம் போய்ப் பால் கேனை இறக்கி வைத்தார்.

சமையலறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "இன்னைக்கு எல்லாருக்கும் வரக்காப்பிதான்!"

வடிவாம்பாள் கேனைப் பார்த்தபடி நின்றாள்.

கோபம் அப்படியேதான் இருந்தது. ஏறி உட்கார்ந்து, மானாமதுரைக்கு வண்டியை எடுத்தாள்.